ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டு விருந்துகள்

முப்பத்தெட்டு வருடம் தண்டவாளத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் போவது தண்டவாளத்தின் மேல்தான். கோயில் குளம் எல்லாம் அதற்கு அப்புறம். 2024 அக்டோபரில் சிகாகோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். "அப்பா, நயாகரா பார்க்கலாமா?" என்றாள் மகள். "பார்க்கலாம். அதற்கு முன்னால் லிங்கன் ஊரைப் பார்க்கணும். அதுவும் ரயிலில்" என்றேன். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு. அமெரிக்காவில் ரயிலில் போக ஆசைப்படுகிறவர் மாமா ஒருவர்தான் என்றார்.

நம் சங்கத்து விழாக் குழுவில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். பெரியவர்களின் பிறந்த நாளை ஒரு மாலைப் பொழுதில் குத்துவிளக்கு, பொன்னாடை, நன்றியுரை என்று முடித்துவிடாமல் வருடம் முழுவதும் கொண்டாட முடியுமா என்பதே அது. ஒரு ஊரே அப்படி ஒருவரைக் கொண்டாடிய கதையை எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்த இடத்தில் கதை நிற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிகாகோவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 2023 முதல் அந்தப் பாதையில் மணிக்கு 177 கிலோமீட்டர் வேகம் வரை ரயில் ஓடுகிறது. வண்டியின் பெயரே 'லிங்கன் சர்வீஸ்'. கான்கிரீட் ஸ்லீப்பர், நன்றாக ஜல்லி போட்ட பாதை. ஆட்டம் அதிகமில்லை. கையில் இருந்த காபி தளும்பவில்லை. என் மனைவி "இங்கே வந்தும் டிராலி இன்ஸ்பெக்ஷனா?" என்று கேட்ட பிறகுதான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன்.

இல்லினாய் மாநிலத்தின் தலைநகரம் இந்த ஸ்பிரிங்ஃபீல்டு. லிங்கன் பிறந்த ஊர் இது அல்ல. அவர் 1809 பிப்ரவரி 12 அன்று கென்டகி மாநிலத்தில், ஹாட்ஜன்வில் அருகே ஒற்றை அறை மரக் குடிசையில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தது 1837-இல், வக்கீல் தொழில் பார்க்க. 1861 பிப்ரவரி 11 அன்று ஜனாதிபதிப் பொறுப்பேற்க வாஷிங்டனுக்கு ரயில் ஏறியது வரை இருபத்து நான்கு வருடம் இங்கேதான். அவர் சொந்தமாக வாங்கிய ஒரே வீடு இங்கே இருக்கிறது. அவர் உடல் அடக்கமானதும் இங்கேதான். ஆகவே ஊர்க்காரர்கள் "எங்கள் லிங்கன்" என்றால் யாரும் மறுப்பதில்லை.

2009-இல் இருநூறாவது பிறந்த ஆண்டு வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கென்று 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு குழுவை அமைத்திருந்தது. ஒன்பது வருடம் முன்கூட்டி! நம் விழாக் குழு ஒன்பது நாள் முன்னால் கூடினால் பெரிய காரியம். ஸ்பிரிங்ஃபீல்டில் பிப்ரவரி 9 அன்று நான்கு தபால்தலைகள் வெளியாயின. விறகு பிளப்பவர், வக்கீல், அரசியல்வாதி, ஜனாதிபதி என்று நான்கு லிங்கன்கள். பிப்ரவரி 12 அன்று பள்ளிப் பிள்ளைகள் அவருடைய கெட்டிஸ்பர்க் உரையை ஒரே நேரத்தில் படித்தார்கள். அன்று இரவு விருந்து. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 13 அன்று பழைய சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் புது ஒரு சென்ட் காசு வெளியீடு.

அந்த ஒரு சென்ட் காசை நான் மிகவும் ரசித்தேன். லிங்கன் தலை அந்தக் காசில் ஏறியதே 1909-இல், நூற்றாண்டின் போதுதான். இருநூறாவது ஆண்டில் காசின் பின்பக்கத்தை நான்கு விதமாக அச்சிட்டார்கள். பிறந்த குடிசை, இந்தியானாவில் மரக்கட்டை மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் பையன், ஸ்பிரிங்ஃபீல்டு சட்டமன்றத்தின் முன் நிற்கும் வக்கீல், வாஷிங்டனில் பாதி கட்டிய நாடாளுமன்றக் கோபுரம். நான்கும் வருடத்தில் நான்கு தேதிகளில், அந்தந்த ஊர்களிலேயே வெளியாயின. சிறுவர்களுக்கு ஆளுக்கு ஒரு புதுக்காசு இலவசம். பெரியவர்கள் வரிசையில் நின்று சுருள் சுருளாக மாற்றிக்கொண்டார்கள். ஏழைப் பணக்காரன் எல்லார் சட்டைப் பையிலும் போய்ச் சேரும் விழா மலர் இது. எந்தப் பேச்சாளரும் இத்தனை பேரை எட்ட முடியாது. செலவு அதிகம் என்று 2025 நவம்பரில் புழக்கத்துக்கான சென்ட் காசு அச்சிடுவதையே நிறுத்திவிட்டார்கள். என் பேரன் உண்டியலில் இருந்த 2009 காசு ஒன்று இப்போது என் மேஜையில் இருக்கிறது.

ரயில்காரன் கண்ணில் லிங்கன்

விழாக் கட்டுரைகளில் லிங்கனை அடிமை ஒழிப்பாளராகவே பார்க்கிறோம். அது சரிதான். ஆனால் அவர் முக்கால்வாசி நம்ம ஆள் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே கம்பெனிக்கு வக்கீல் அவர். ஒரு பெரிய வரி வழக்கில் கம்பெனியைக் காப்பாற்றிவிட்டு 5,000 டாலர் கட்டணம் கேட்டார். கம்பெனி கொடுக்கவில்லை. அந்தக் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு வாங்கினார்.

மிசிசிப்பி நதியின் குறுக்கே முதல் ரயில் பாலம் 1856 ஏப்ரலில் ராக் ஐலண்டில் திறக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு நீராவிக் கப்பல் பாலத்தின் தூணில் மோதி எரிந்தது. பாலமும் ஒரு பகுதி எரிந்தது. ஆற்றில் பாலம் கட்டியதே குற்றம் என்று கப்பல்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பாலத்தின் பக்கம் வாதாடியவர்களில் ஒருவர் லிங்கன். நீரோட்டத்தின் போக்கு, வேகம், எத்தனை படகுகள் சேதமின்றிக் கடந்தன என்ற கணக்கு எல்லாம் எடுத்து நடுவர்கள் முன் வைத்தார். நடுவர்கள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. பாலம் தப்பியது. ஆற்றில் போகிறவனுக்கு எத்தனை உரிமையோ, ஆற்றைக் குறுக்கே கடக்கிறவனுக்கும் அத்தனை உரிமை என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். பாலம் கட்டி, பாலத்தைப் பராமரித்து, வெள்ளத்தில் தூண் அரிக்கிறதா என்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் இந்த மனிதரைக் கும்பிடத்தான் வேண்டும். மேடு தட்டிய படகை மிதக்க வைக்கும் ஒரு கருவிக்கு 1849-இல் காப்புரிமையும் வாங்கியிருக்கிறார். அந்த நாட்டு ஜனாதிபதிகளில் காப்புரிமை வாங்கியவர் அவர் ஒருவர்தான். கருவி சந்தைக்கு வரவில்லை. அது வேறு விஷயம்.

இன்னொன்று. நம் நாட்டில் பிராட் கேஜா மீட்டர் கேஜா என்ற தகராறில் நான் பாதி ஆயுளைக் கழித்தவன். லிங்கன் 1862-இல் பசிபிக் ரயில்வே சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பாதையின் அகலத்தை முடிவு செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1863 ஜனவரியில் ஐந்து அடி என்று முடிவு செய்தார். இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் அதைத் தள்ளிவிட்டு 4 அடி எட்டரை அங்குலம் என்று சட்டம் போட்டது. ஜனாதிபதியின் கேஜ் உத்தரவே ரத்தான கதை! எங்கள் டிவிஷனில் ரத்தான உத்தரவுகளை நினைத்து நான் இனி வருத்தப்படுவதாக இல்லை.

விறகு பிளப்பவர் என்று முன்பு சொன்னேன். ஆங்கிலத்தில் 'ரெயில்' பிளப்பவர் என்பார்கள். எனக்கு முதலில் ஆனந்தம். அப்புறம் தெரிந்தது, அது வேலி போடும் மரச்சட்டம். நம்முடைய ரயில் இல்லை.

கடைசிப் பயணமும் ரயில்தான். 1865 ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டு மறுநாள் காலை உயிர் பிரிந்தது. ஏப்ரல் 21 அன்று வாஷிங்டனில் கிளம்பிய வண்டி, சுமார் 2,660 கிலோமீட்டர் சுற்றி, மே 3 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு வந்தது. 1861-இல் பதவியேற்கப் போன வழியையே பெரும்பாலும் பிடித்துத் திரும்பினார். முன்னால் ஒரு பைலட் எஞ்சின். வேகம் மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. 1862-இல் இறந்துபோன மகன் வில்லியின் பெட்டியும் அதே வண்டியில் அப்பாவோடு வந்தது. இதைப் படித்தபோது நான் சற்று நேரம் மேலே படிக்கவில்லை.

முதல் விருந்து

இனி விருந்துக் கதை. 2009 பிப்ரவரி 12 இரவு, ஆபிரகாம் லிங்கன் சங்கம் நடத்திய விருந்தில் பேசியவர் பராக் ஒபாமா. ஜனாதிபதியாகி மூன்று வாரம்தான் முடிந்திருந்தது. இரண்டு வருடம் முன்னால், 2007 பிப்ரவரியில், இதே ஊரின் பழைய சட்டமன்றத்தின் முன் குளிரில் நின்றுதான் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். கறுப்பின ஜனாதிபதி, லிங்கன் ஊரில், லிங்கன் பிறந்த நாளில், விருந்தின் தலைமை இடத்தில். நாடே பார்த்தது.

ஆனால் அதே சங்கம், அதே ஊரில், சரியாக நூறு வருடம் முன்னால் நூற்றாண்டு விருந்து ஒன்று நடத்தியிருக்கிறது. 1909 பிப்ரவரி 12. பிரிட்டிஷ் தூதர் பிரைஸ் வந்தார், பிரெஞ்சுத் தூதர் ஜுஸ்ஸெராண்ட் வந்தார், பெரும் பேச்சாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வந்தார். அந்த விருந்தில் உட்கார ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் இடமில்லை. கறுப்பின மக்களுக்கு. யாருடைய விலங்கை ஒடித்ததற்காக அந்த மனிதரைப் போற்றினார்களோ, அவர்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் தங்கள் மாதா கோயிலில் தனியாக விருந்து வைத்துக்கொண்டார்கள்.

இதற்கும் ஆறு மாதம் முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் அந்த வாசலின் பொருள் புரியும். 1908 ஆகஸ்ட் 14. சிறையில் இரண்டு கறுப்பினக் கைதிகள். அவர்களை எங்களிடம் ஒப்படை என்று பெருங்கூட்டம் கூடியது. ஷெரீப் தந்திரமாக அவர்களை ஓர் உணவு விடுதிக்காரரின் காரில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார். ஏமாந்த கூட்டம் முதலில் அந்த விடுதியை நொறுக்கியது. பிறகு கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குள் புகுந்து வீடுகளுக்குத் தீ வைத்தது. ஸ்காட் பர்ட்டன் என்ற முடிதிருத்துபவரைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். மறுநாள் வில்லியம் டானெகன் என்ற செருப்புத் தைக்கும் முதியவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து கழுத்தை அறுத்து மரத்தில் கட்டினார்கள். அவருடைய குற்றம், வெள்ளைக்காரப் பெண்ணை மணந்து முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியது. லிங்கனையே அறிந்தவர் அவர் என்பார்கள். கைதிகளில் ஒருவர் மேல் பலாத்காரப் புகார் சொன்ன பெண், அது பொய் என்று பின்னால் ஒப்புக்கொண்டாள்.

தெற்கு மாநிலங்களில் நடந்திருந்தால் வழக்கமான செய்தி. லிங்கன் ஊரிலேயே நடந்ததுதான் நாட்டை உலுக்கியது. கறுப்பின மக்களின் உரிமைக்காக நாடு தழுவிய சங்கம் ஒன்று வேண்டும் என்ற அறைகூவல் வெளியான தேதி 1909 பிப்ரவரி 12. அதிலிருந்து வளர்ந்ததுதான் என்.ஏ.ஏ.சி.பி. ஆக, ஸ்பிரிங்ஃபீல்டில் தூதர்கள் விருந்துண்ட அதே நாளில், நியூயார்க்கில் சிலர் லிங்கனுக்கு வேறு விதமாகப் பிறந்த நாள் கொண்டாடியிருக்கிறார்கள். எது உண்மையான நூற்றாண்டு விழா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கலவரத்தை ஊர் நெடுங்காலம் வாய் திறந்து பேசவில்லை. 1990-இல் இரண்டு பள்ளிச் சிறுமிகள் பாடத்துக்காகத் தேடப் போய், இதற்கு ஊரில் ஒரு கல்கூட இல்லையே என்று நகராட்சிக்கு மனுப் போட்டார்கள். 1994-இல் கலவரம் நடந்த வழி நெடுக அடையாளக் கற்கள் வைத்தார்கள். இருநூறாவது ஆண்டான 2009-இல் லிங்கன் அருங்காட்சியகத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் பிரஸ்டன் ஜாக்சன் செய்த வெண்கலச் சிற்பம் நிறுவப்பட்டது. எரிந்த வீட்டில் மிஞ்சி நிற்கும் இரண்டு புகைபோக்கிகள், அவ்வளவுதான். அருங்காட்சியகத்தில் லிங்கன் தொப்பி என்று ஒன்று இருந்தது. கோடிக்கணக்கில் விலை மதிப்பிட்டு வாங்கினார்கள். பின்னால் அது அவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் போதாது என்றாகிவிட்டது. அருங்காட்சியகத்தில் கூட்டம் இருந்தது. புகைபோக்கி பக்கம் நாங்கள் நாலு பேர்தான்.

தண்டவாளத்துக்கு அடியில்

என்னைப் பிடித்து உட்கார வைத்தது இனிமேல் வருவது. ஸ்பிரிங்ஃபீல்டில் ரயில் பாதைகள் ஊருக்கு நடுவே தெருவோடு தெருவாகப் போகின்றன. லெவல் கிராசிங்குகள் ஏராளம். மூன்றாம் தெருவில் போகும் வண்டிகளைப் பத்தாம் தெருப் பாதைக்கு மாற்றி, சுரங்கப்பாதைகள் கட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2014-இல் அதற்காக நிலத்தைச் சோதித்தபோது கருகிய செங்கல் வந்தது. 1908-இல் எரிக்கப்பட்ட வீடுகளின் அடித்தளங்கள். உள்ளே மக்கள் புழங்கிய சாமான்கள், ஓடிப்போனவர்கள் போட்டது போட்டபடி.

எந்த நாட்டு இன்ஜினியருக்கும் இந்த நேரத்தில் வயிற்றைக் கலக்கும். டெண்டர், கெடு, கான்ட்ராக்டர் எல்லாம் கண் முன் வரும். "மூடிட்டு வேலையைப் பாரு" என்று சொல்லத் தோன்றும். சொல்லி இருக்கிறேன், வேறு வேறு விஷயங்களில். அங்கே நிறுத்தினார்கள். தொல்லியல்காரர்கள் தோண்டினார்கள். ஊர் மக்களோடு பேசினார்கள். மீதி அடித்தளங்கள் பாதிக்காதபடி பாதையை நகர்த்தி வரைபடத்தைத் திருத்தினார்கள். ஒரு அலைன்மென்டை நகர்த்துவது என்றால் என்ன என்று அன்பர்களில் ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்ட் 16 அன்று ஜனாதிபதி பைடன் அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். மொத்தம் ஒன்றரை ஏக்கர்.

நாங்கள் போனது அதற்கு இரண்டு மாதம் கழித்து. பார்க்க ஒன்றும் இல்லை. வேலி, புல், பக்கத்தில் ஆஸ்பத்திரி, தண்டவாளம். பேரன் "தாத்தா, இங்கே என்ன இருக்கு?" என்றான். கீழே வீடு இருக்கிறது என்றேன். ஒரு சரக்கு வண்டி வந்தது. நான் வழக்கம்போல் பெட்டிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

காரணம், எனக்கு 1988 ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் ஒரு முன்னாள் ஜனாதிபதியின் நூற்றாண்டுதான். டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்து நூறு வருடம். நான் அப்போது ஒரு ஜங்ஷனில் பி.டபிள்யூ.ஐ., வயது முப்பத்தொன்று. ரயில்வே காலனியில் பெரிய விழா. பந்தலுக்குக் குழி தோண்டியவர்கள் என் செக்ஷன் கேங்மேன்கள். பழைய மர ஸ்லீப்பர்களைத் தோளில் சுமந்து வந்து அடுக்கி மேடை போட்டவர்களும் அவர்களே. பதினான்கு பேர். பாதிப் பேர் நம் தென்னாற்காட்டுப் பக்கம், மீதி ஒரியாக்காரர்கள். கல்வியின் பெருமை பற்றி நாலு பேர் பேசினார்கள். பிறகு சாப்பாடு. புளியோதரை, பூரி, உருளைக்கிழங்கு, லட்டு. சாப்பாட்டுச் சீட்டு அடித்து விநியோகித்தது அடியேன்தான். அதிகாரிகள், ஸ்டாஃப், ஆசிரியர்கள், குடும்பத்தார் என்று கணக்குப் போட்டேன். கேங்மேன்கள் என் பட்டியலில் இல்லை. யாரும் அவர்களை விடு என்று எனக்குச் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை.

கேங் மேட் என்னிடம் வந்து, "பரவால்ல சார், நாங்க வீட்ல சாப்ட்டுக்கிறோம்" என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரவு ஏழு மணிக்கு மீந்ததை ஒரு வாளியில் போட்டு அவர்கள் குடியிருப்புக்கு அனுப்பி வைத்தேன். அப்போது அது பெரிய தாராளம் என்று நினைத்தேன். மறுநாள் காலை வாளி பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. சாப்பிட்டார்களா, கொட்டினார்களா என்று நான் கேட்கவில்லை. அந்த மேட் அதன் பிறகும் ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்தார். மழை ராத்திரிகளில் என்னோடு பாலத்தில் நின்றிருக்கிறார். கேட்க எத்தனையோ சந்தர்ப்பம்.

சிகாகோ திரும்பும் வண்டியில் மனைவி தூங்கிவிட்டாள். மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, இதை எங்ககிட்ட நீங்க சொன்னதே இல்லையே" என்றாள். சொல்லவில்லைதான்.

விழா ஆண்டுக்கு என்னென்ன செய்யலாம் என்று யோசனைகள் வந்துகொண்டிருக்கின்றன. பேச்சுப் போட்டி, மலர், பட்டிமன்றம், எல்லாம் நடக்கட்டும். காசு மாதிரி எல்லார் கைக்கும் போகிற ஒன்றும் வேண்டும் என்பது என் யோசனை. அது என்ன என்று இளைஞர்கள் சொல்லட்டும். பந்தல்காரர், சமையல் ஆட்கள், ஹால் துப்புரவுப் பெண்கள், வாட்ச்மேன் இவர்கள் பெயரெல்லாம் எழுதிய தாளைச் செயலாளரிடம் கொடுத்து, சாப்பாட்டுச் சீட்டுப் பொறுப்பை எனக்கே தரும்படி கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.